கண்ணால் பார்த்த நாரை

செங்கல்பட்டில் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த மதார் சாகிப்புக்கு ஒரு கொள்கை இருந்தது. கொள்கை என்பது பொதுவாக வயிறு நிறைந்தவர்களுக்கு வரும் வியாதி. அவருக்கு எப்படியோ அரைவயிற்றிலேயே தொற்றிக்கொண்டுவிட்டது. கண்ணால் பார்க்காத ஜீவராசியை வரைவதில்லை என்பதே அந்தக் கொள்கை. எழுத்து விஷயத்தில் அப்படியொன்றும் கெடுபிடி கிடையாது. 'அசல் நெய்' என்று எழுதச் சொன்னால் எழுதிவிடுவார். அந்த நெய்யை அவர் பார்த்ததில்லை, கடைக்காரரும் பார்த்ததில்லை. ஆனால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பசு வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், எந்தப் பசு, யார் வீட்டுப் பசு என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். போய்ப் பார்ப்பார். அதன் இடது கொம்பு கோணல் என்றால் போர்டிலும் கோணல்தான்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் சிங்கப்பெருமாள் கோயிலில் சடையப்பன் என்பவர் சாப்பாட்டு ஹோட்டல் திறந்தார். ஊர்ப் பெயருக்குத் தோதாகப் போர்டில் ஒரு சிங்கம் வேண்டும் என்றார்.

"நான் சிங்கம் பாத்ததில்லீங்களே" என்றார் மதார் சாகிப்.

"நான் மட்டும் இன்னா, தெனம் அது மூஞ்சிலயா முழிக்கறேன்? கேலண்டரைப் பாத்துப் போடு பாய்."

கேலண்டரைப் பார்த்துப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இவர் சொந்தக் காசில் ரயிலேறிப் பட்டணம் போய், உயிர்க்காலேஜில் சிங்கக் கூண்டுக்கு முன்னால் காலை பத்து மணியிலிருந்து மணியடித்து வெளியே தள்ளும்வரை உட்கார்ந்திருந்தார். சிங்கம் தூங்கியது. மத்தியானம் ஒருமுறை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கியது. பார்த்ததைத்தானே வரைய முடியும்? வரைந்தார்.

"சாப்பாட்டுக் கடையில தூங்கற சிங்கமா?" என்று சடையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். "சாப்ட்டவன் எழுந்திருக்கவே மாட்டான்னு ஊர்ல பேசிக்கப் போறாங்க பாய்!"

பிறகு அவர் வேறு யாரையோ பிடித்து, படுத்த சிங்கத்துக்கு இரண்டு கண்களை மட்டும் அகலமாகத் திறந்துவைத்தார். ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் புரண்ட சிங்கம் மாதிரி அது பல வருஷம் அங்கே கிடந்தது. மதார் சாகிப் அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவார். தூங்கும் சிங்கத்தைப் பிழையில்லாமல் வரைந்தவன் என்ற பெருமையை வைத்துக்கொண்டு ஒரு இட்டிலிகூட வாங்க முடியாது என்பது அவருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார். சோம்பலாக இருந்தால் கொளவாய் ஏரி. உற்சாகமாக இருந்தால் படாளம் வழியாகப் பதினெட்டு மைல் மிதித்து வேடந்தாங்கல். கழுத்தில் மூர் மார்க்கெட்டில் வாங்கிய பட்டாளத்துத் தூரக்கண்ணாடி தொங்கும். அதில் ஒரு குழலில் பூஞ்சைக் காளான் பிடித்திருந்தது. ஆகவே அவர் 'கண்ணால் பார்த்தேன்' என்று சொன்னால், ஒரு கண்ணால் பார்த்தேன் என்று எடுத்துக்கொள்வதே முறை.

அவருடைய மனைவி ரோஷன் பீவிக்கு இதில் ஒரு குறை. "ஆம்பளைங்க கெட்டுப்போறதுக்கு ஒரு மொறை கீது" என்பாள். "சீட்டாடிக் கெடுவான், திருட்டுச் சாராயம் குடிச்சிக் கெடுவான். எங்க வூட்ல மட்டும் ஒண்ணு கொக்கு பாத்துகினே கெட்டுப்போச்சி. வெளிய சொன்னா ஒருத்தியாவது அய்யோன்னு சொல்றாளா? சிரிக்கறாளுங்க."

அவளுடைய அண்ணன் காஜா மொய்தீன் பஜாரில் கைலி வியாபாரம் செய்பவர். அவர் கவலை இம்மையைத் தாண்டியது. "உயிருள்ளதை வரையறியே மச்சான், நாளைக்கு மறுமையில 'வரைஞ்சியே, அதுக்கு உயிரைக் குடு பாப்போம்'னு கேட்டா இன்னா சொல்வே?"

"சடையப்பன் கடைச் சிங்கத்தைப் பாத்துட்டு அதுக்கு உயிர் கீதுன்னு ஒருத்தனும் சொல்லல மச்சான். நான் தப்பிச்சிக்குவேன்."

சிரித்துக்கொண்டு சொன்னாரே ஒழிய, அந்தக் கேள்வி உள்ளே தைத்த முள்ளாகவே இருந்தது. அதற்கு அவர் ஒரு வக்கீல் வாதம் தயாரித்து வைத்திருந்தார். நான் எதையும் உண்டாக்கவில்லை. ஆண்டவன் உண்டாக்கியதைப் பார்த்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைத்தேன். நான் ஓவியன் இல்லை, சாட்சி. ஒரு மயிரிழைகூடக் கையிலிருந்து சேர்க்கவில்லை. கொள்கை கொள்கை என்று ஊருக்குப் பீற்றிக்கொண்டதன் அடியில் இருந்தது இந்த ஜாமீன் மனுதான். வரையவும் கூடாது, வரையாமலும் இருக்கமுடியாது என்று மாட்டிக்கொண்ட மனுஷன் வேறென்ன செய்வான்?

எப்போதாவது மகாபலிபுரம் போனால், பெரிய பாறையில் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானுக்கு முன்னால் வெகுநேரம் நிற்பார். செதுக்கியவன் மானைப் பார்த்திருக்கிறான், சந்தேகமே இல்லை. அவனுக்கு முன்னால் தம்முடைய கோணல் கொம்புப் பசுவை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்னும். உடனே அங்கேயே இருக்கும் சிங்கங்களைப் போய்ப் பார்ப்பார். சுருட்டை முடியும் பிதுங்கிய விழியுமாக நிற்கும் அவற்றைப் பார்த்தால், அந்த ஆட்களும் உயிர்க்காலேஜுக்குப் போனதில்லை என்று தெரிந்துவிடும். ஆறுதலோடு வீடு திரும்புவார்.

ஐம்பத்தைந்தாம் வருஷ ஐப்பசி மழையில், ஒரு மில் சுவரில் எழுதிக்கொண்டிருந்தபோது ஏணி வழுக்கியது. விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. போயிற்று என்றால் கால் இருந்தது, ஏறுவதற்கு மட்டும் மறுத்தது. சைக்கிள் மிதிக்கும், நடக்கும். ஏணியைக் கண்டால் மடங்கிக்கொள்ளும். ஏணி ஏறாத போர்டு பெயிண்டர் என்பவன் கரையிலேயே நிற்கும் செம்படவன். தரையில் வைத்து எழுதும் சின்னப் பலகைகளுக்குப் பஜாரில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மதுராந்தகம் பக்கத்து ஹைஸ்கூல் ஒன்றில் ட்ராயிங் மாஸ்டர் ரிட்டையர் ஆனார். மதார் சாகிப் வாலிபத்தில் சர்க்கார் ட்ராயிங் பரீட்சை லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, அந்தக் காகிதங்களை எதற்கென்று தெரியாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். மனுப் போட்டார். மனு போட்டவர்கள் எல்லாரும் இயற்கையைப் பார்த்து வரைந்த படம் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று பதில் வந்தது.

"நாற்காலியில உக்காந்துகினு பண்ற வேலை" என்றாள் ரோஷன் பீவி. "இது கெடைக்கலேன்னா அப்புறம் எங்க அண்ணன் கடையில கைலி மடிக்கறதுதான். நல்லா யோசிச்சி, மனுசன் பாத்தா மனுசனுக்குப் புரியறாப்பல ஒண்ணு வரைங்க. ஒரு ரோஜாப்பூ வரைஞ்சா இன்னா?"

"ரோஜாப்பூ எல்லாரும் வரைவான்."

"எல்லாரும் சம்பளமும் வாங்கறான்."

அவர் நாரை வரைந்தார். தை மாசம் ஐந்து வெள்ளிக்கிழமைகள் வேடந்தாங்கல் கரையில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரத்துக் கூடு ஒன்றை நல்ல குழலால் பார்த்துப் பார்த்து வரைந்தார். நத்தைகுத்தி நாரை என்று ஒரு இனம். மேல் அலகும் கீழ் அலகும் நுனியில்தான் சேரும்; நடுவில் பாக்கு வெட்டியைத் திறந்துவைத்த மாதிரி ஒரு சந்து இருக்கும். கூட்டில் தாய் நின்றது. அதன் காலடியில் மூன்று குஞ்சுகள் தீனிக்கு ஓயாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தாய்க்கு ஒரு சந்து, குஞ்சுகளுக்கு மூன்று சந்து, ஆக நான்கு அலகிலும் சந்து வைத்து, மூலையில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். போர்டில் கையெழுத்துப் போட யாரும் விடுவதில்லையாகையால் அந்தக் கையெழுத்து படத்தைவிடச் சிரத்தையாக அமைந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் கமிட்டி கூடியது. கமிட்டி என்பது மூன்று நாற்காலி, இரண்டு ஆள். மூன்றாவது நாற்காலியில் பிரசிடெண்டின் துண்டு உட்கார்ந்திருந்தது. பிரசிடெண்ட் கோதண்டராமன் ரைஸ்மில் முதலாளி. வேடந்தாங்கல் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். ஹெட்மாஸ்டர் அருணகிரி பி.ஏ., எல்.டி.; எதையும் லாஜிக்கலாகப் பார்ப்பவர். இரண்டு பேருடைய படங்கள் ஏற்கெனவே மேஜைமேல் இருந்தன. ஒன்று ரோஜா. இன்னொன்று சூரியோதயம்: இரண்டு மலை, நடுவில் சூரியன். நம் பக்கத்தில் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது. பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் மட்டும் மலையை விட்டு வர மறுக்கிறது.

பிரசிடெண்ட் நாரையைக் கையில் எடுத்து, தூர வைத்துப் பார்த்து, கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இன்னா பாய் இது, மூக்கு ஒட்டவே இல்ல?"

"அது அப்படித்தாங்க. நத்தைகுத்தி நாரை. நடுவுல சேராது. நத்தையைப் புடிக்கத் தோதா..."

"யார்கிட்ட கதை வுடறே? நான் அந்த ஏரிக்கரையிலயே பொறந்தவன். மரத்துலேர்ந்து குஞ்சு வுழுந்தா எடுத்து மறுபடியும் மரத்துல ஏத்தி வெக்கறது எங்க ஊரு வழக்கம். சின்னப் புள்ளையில எத்தினி தபா இந்தக் கையால தூக்கியிருக்கேன் தெரியுமா? வாய் சிப்பி மூடறாப்பல மூடும்."

"பிரசிடெண்ட் சொல்றது லாஜிக்கலா இருக்கு" என்றார் ஹெட்மாஸ்டர். "வாய் மூடலேன்னா தண்ணி எப்படிய்யா குடிக்கும்?"

"எப்படின்னு தெரியாதுங்க சார். குடிக்கறதைப் பாத்திருக்கேன்."

"நாலு மூக்கும் தப்பு. இந்த ரோஜாவைப் பாருங்கோ, எவ்வளவு கரெக்டா இருக்கு."

"ரோஜாவுக்கு மூக்கு இல்லீங்களே சார்" என்றார் மதார் சாகிப். சொல்லி முடித்த கணமே, மடிக்க வேண்டிய கைலிகள் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. இந்த நாக்குக்கு ஒரு ஏணி வைத்துக் கீழே தள்ளினால் தேவலை என்று தோன்றியது.

ஆனால் பிரசிடெண்ட் சிரித்துவிட்டார். மில் முதலாளிகளுக்குப் பந்தயம் என்றால் உயிர். "வண்டியை எடு. ஏரிக்கே போய்ப் பாத்துடுவோம். நாரைக்கு வாய் மூடிச்சின்னா இந்தப் படத்தைச் சுருட்டிகினு நீ பாட்டுக்குப் போ. மூடலேன்னா வேலை உனுக்கு. இன்னா ஹெட்மாஸ்டர்?"

ஹெட்மாஸ்டருக்கு இது லாஜிக்கலாகப் படவில்லை. ஆனால் காரில் போகலாம் என்பது படத்தான் செய்தது.

பழைய ஆஸ்டின் காரில் பின்சீட்டில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போன மதார் சாகிப்புக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பறவைகள்மேல் சந்தேகம் வந்தது. ஐந்து வெள்ளிக்கிழமை பார்த்த அந்த நல்ல குழலிலும் காளான் பிடித்திருந்தால்?

வேடந்தாங்கலில் கரைக்கு அரைமைலுக்கு முன்னாலேயே காரை நிறுத்திவிட்டார்கள். ஹாரன் அடித்தால் ஊர் சும்மா விடாது. ஏரிக் காவல் பார்க்கும் தனகோடி உதட்டில் விரல் வைத்துக்கொண்டு வந்தான். "சத்தமா பேசாதீங்க மொதலாளி, கலைஞ்சிடும்." மில்லில் இருபது பேரை அதட்டுகிற பிரசிடெண்ட், தனகோடிக்குப் பயந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். பறவை எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர்தான் அந்த ஊர் வயலுக்கு எரு. எருவைத் தருகிறவர்களிடம் யாரும் குரல் உயர்த்துவதில்லை.

கரைக்குக் கீழே நாற்றங்காலில் இருபதடி தூரத்தில் நாரை ஒன்று நின்றிருந்தது. மதார் சாகிப் தூரக்கண்ணாடியை நீட்டினார்.

"ஒண்ணுமே தெரியலியே. பொகை மாதிரி கீது."

"அந்தக் குழல்ல இல்லீங்க. இந்தப் பக்கம்."

பிரசிடெண்ட் குழலை மாற்றினார். நாரை தலையைத் திருப்பியது. அலகின் சந்து வழியாக ஒரு துண்டு வானம் தெரிந்தது.

"வெளிச்சம் தெரியுதுய்யா" என்றார் மெதுவாக. "ஒரு கொட்டைப்பாக்கைச் செருகிடலாம் போல கீது. இத்தினி வருசம் இங்கயே கெடந்து நான் பாக்கலியே!"

"மூக்கை யாரு பாத்தா மொதலாளி?" என்றான் தனகோடி. "நம்ம பார்வையெல்லாம் அதோட இன்னொரு முனையிலதானே."

பிரசிடெண்ட் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு மதார் சாகிப்பின் தோளில் தட்டி, "திங்கக்கிழமை வந்து சேந்துக்க பாய்" என்றார். அவ்வளவுதான். வேலை கிடைத்துவிட்டது. ஏணி இல்லை, கைலி இல்லை, நாற்காலி. மதார் சாகிப் ஆகாசத்தைப் பார்த்தார். ஆகாசத்திலிருந்து ஹெட்மாஸ்டரின் கோட்டில் எச்சம் விழுந்தது.

அவர்கள் திரும்பி நடக்கும்போது, பின்னாலேயே தனகோடி துண்டில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தான். கரையோர மரத்திலிருந்து விழுந்த நாரைக் குஞ்சு, முக்கால் வளர்த்தி. மரத்தில் ஏற்றிவைக்க எடுத்துப் போகிறான். ஹெட்மாஸ்டர் கைக்குட்டையால் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரசிடெண்ட் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். குஞ்சைப் பார்த்தவர் மதார் சாகிப் ஒருவர்தான்.

அதன் அலகு மூடியிருந்தது. நுனி முதல் அடிவரை, ஒரு தாள்கூட நுழையாதபடி.

பிறக்கும்போது சந்து கிடையாது. வளர வளரத்தான் விலகுகிறது. பிரசிடெண்ட் சின்ன வயதில் கையால் தூக்கியது குஞ்சு. அவர் சொன்னதும் மெய். அப்படியானால் ஐந்து வெள்ளிக்கிழமை இவர் பார்த்தது என்ன? பசியில் பிளந்த வாய்களைப் பார்த்துவிட்டு, தாய்க்கு இருப்பது பிள்ளைக்கும் இருக்கும் என்று கையிலிருந்து சேர்த்துவிட்டார். மூன்று அலகு. மயிரிழைகூடச் சேர்க்கவில்லை என்று மறுமைக்கு மனு எழுதி வைத்திருந்த சாட்சி, மூன்று அலகைப் புளுகியிருக்கிறான். கீழே கையெழுத்து வேறு.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? படம் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும். பிள்ளைகள் பார்க்கமாட்டார்கள், வாத்தியார்கள் சத்தியமாகப் பார்க்கமாட்டார்கள். மூன்று நாரைக் குஞ்சுக்காக மனைவியின் நாற்காலியை உடைப்பவன் மடையன். மதார் சாகிப் தம்மை நன்றாக அறிந்தவர். தாம் எந்த ரகம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

"மொதலாளி, ஒரு நிமிசம். இந்தக் குஞ்சு மூக்கைப் பாருங்க."

"இன்னா?"

"மூடிகினு கீது. என் படத்துல குஞ்சுக்கும் தொறந்து போட்டுட்டேன். மூணும் தப்புங்க. நான் பாக்காம போட்டது."

கைக்குட்டையோடு ஹெட்மாஸ்டர் அப்படியே நின்றார். "ஏன்யா, வேலை கொடுத்தாச்சேய்யா! எதுக்கு இப்போ இதெல்லாம்? வாத்தியார்ங்கறவன் தப்பு பண்ணலாம், வாயால ஒத்துக்கலாமா? இவர் கிளாஸுக்கு லாயக்கே இல்லை, பிரசிடெண்ட். பந்தயப்படி பார்த்தாலும் நாலுக்கு ஒண்ணுதான் சரி. இருபத்தஞ்சு மார்க். ஃபெயில்."

பிரசிடெண்ட் தனகோடியிடமிருந்து குஞ்சை வாங்கி, ஐம்பது வயதுக் கையால் அதன் அலகை நீவிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"நான் இன்னா சொன்னேன்? சிப்பி மாதிரின்னு சொன்னேனா இல்லியா? ஹெட்மாஸ்டர், நீங்களே சாட்சி! இந்தாளு இல்லேன்னா, தோத்துட்டேன்னு நெனைச்சிகினு வூட்டுக்குப் போயிருப்பேன்யா!" குஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பாய், திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கே வந்துடு" என்றார்.

சரியாக வரைந்ததற்காகத் துரத்தப்பட இருந்த மனிதருக்கு, தப்பாக வரைந்ததற்காக வேலை நிலைத்தது. ரோஷன் பீவியிடம் இதை விளக்க அன்று சாயங்காலம் முழுக்கப் பிடித்தது.

"கொஞ்சம் இருங்க" என்றாள் அவள். "நீங்க தப்புன்னு அவருக்கு யாரும் சொல்லல?"

"இல்ல."

"நீங்களே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்புறமும் வேலை குடுத்தாரு."

"அதுக்குத்தான் குடுத்தாரு."

ரோஷன் பீவி டம்ளரில் தேநீரை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். "அந்த மில்லுக்காரரு வூட்ல எவ ஒருத்தி பேஜாராயிகினு கீறாளோ பாவம்" என்றாள்.

திங்கட்கிழமை சேர்ந்ததும் மதார் சாகிப் செய்த முதல் வேலை, படத்தில் மூன்று குஞ்சுகளின் தலையையும் சுரண்டி எடுத்ததுதான். மூடிய அலகோடு உடனே வரைந்துவிட்டிருக்கலாம். ஆனால் அன்று கரையில் அவர் பார்த்தது அலகை மட்டும்தான். பயத்தில் கண் எப்படி இருந்தது, உச்சந்தலை எப்படி இருந்தது என்று பார்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போனார். அந்தக் கூடு காலி. அதற்குள் பிரசிடெண்ட் படத்துக்குச் சட்டம் போட்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு எதிரில் மாட்டிவிட்டார். ஒரு தாயும் தலையில்லாத மூன்று குஞ்சுகளுமாக நாரைக் குடும்பம் ஒரு வருஷம் அங்கே தொங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி ஹெட்மாஸ்டருக்கு அலுத்துவிட்டது. "மாஸ்டர் இன்னும் பார்த்து முடிக்கலை" என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடம் அவர் சொன்னபோது, அது ஏதோ புது வகைப் பாடத்திட்டம் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

மறு வருஷம் தை பிறந்தது. மதார் சாகிப் நான்கு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், 'நாரைக் குஞ்சுகளுக்கு அலகு எந்த வயதில் விலக ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டியிருப்பதால்' என்று எழுதியிருந்தது.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெக்கார்டுல இதெல்லாம் நிக்காதுய்யா. வயித்துவலின்னு எழுதும்."

"வயித்துவலி இல்லீங்களே சார்."

ஹெட்மாஸ்டர் சிவப்பு மையைத் தொட்டு, அந்த வரியைத் தாமே அடித்து, தம் கையாலேயே 'வயிற்றுவலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.